சேர்த்துக்கொண்ட பின் என்ன செய்கிறார்கள்? இணுவிற் பக்கத்து முன்பள்ளி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

விசேட தேவையுடைய பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் முன்பள்ளியை யாழ்ப்பாணத்தில் இப்போது காண்பது அரிது. போய்க் கேட்டால் பெரும்பாலும் "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்ற மறுமொழியே கிடைக்கிறது. பதிவேட்டில் பெயரும் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பின் எந்த மூலையில் இருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் பாடும்போதும் கதை கேட்கும்போதும் மண்ணளையும்போதும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பவற்றைப் பார்த்தால்தான் ஓர் இடத்தின் தரம் தெரியும். கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் இடையில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இயங்கும் ஒரு சிறிய முன்பள்ளியை அந்தக் கண்கொண்டு ஓராண்டு பார்த்ததன் விளைவே இம்மதிப்பீடு.

பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. இருக்கும் இடம் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் கொள்ளாது என்பதால் நடத்துபவர்கள் விளம்பரத்தை விரும்பவில்லை. நான் ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். இரு காதுகளிலும் கேட்டல் கருவி அணியும் என் மகளின் மகன் சென்ற ஆண்டு இங்கே படித்தான். பெற்றார் முறைவைத்து வகுப்பில் இருந்து உதவ வேண்டும் என்பது இங்குள்ள விதி. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அந்த முறை அம்மம்மாவாகிய எனக்கு வந்தது. வாசலில் நின்று விசாரித்து எழுதும் மதிப்பீட்டுக்கும் வகுப்புக்குள் பாயில் இருந்து பார்த்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அறையிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் கேட்டல் குறைபாடுள்ள பிள்ளையை ஆசிரியையின் அன்புக்கு முன்பாக அறையின் எதிரொலி வந்தடைந்துவிடுகிறது. கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெளிவது போலக் கருவி போட்டவுடன் பேச்சுத் தெளிவதில்லை. கருவி ஆசிரியையின் குரலைப் பெருக்கும்போது மின்விசிறியின் இரைச்சலையும் கதிரை இழுபடும் ஓசையையும் ஒழுங்கையில் போகும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சத்தத்தையும் கூடவே பெருக்குகிறது. பேசுபவர் ஒன்று அல்லது இரண்டு மீற்றருக்குள் இருந்தால்தான் அது நன்றாகப் பயன் தரும். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. வெறுமையான வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபெல்லையும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 செக்கனையும் தாண்டக் கூடாது என்று அமெரிக்க வகுப்பறைத் தரநிர்ணயம் கூறுகிறது. நமது சீமெந்துத் தரையும் பூசிய சுவரும் கூரைத் தகரமும் கொண்ட அறைகளில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அதை நோக்கி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இந்த முன்பள்ளி காட்டியிருக்கிறது.

தரை முழுவதும் புற்பாய் விரித்திருக்கிறார்கள். இரண்டு சுவர்களில் பழைய சேலைகளை மடித்துத் தைத்த தடித்த திரைகள் தொங்குகின்றன. பிள்ளைகளின் படங்கள் அவற்றின் மீதே குத்தப்பட்டிருக்கின்றன. கதிரைக் கால்களுக்கு இறப்பர் மாட்டியிருக்கிறார்கள். கதை சொல்லும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் அது எல்லோருக்கும் கடினமாகத்தான் இருந்தது. இவ்வளவுக்கும் ஆன செலவு ஒரு சறுக்கியின் விலைக்கு வராது. வண்ணச் சறுக்கியும் மதிலில் கார்ட்டூன் படமும் வைத்துப் பெற்றாரைக் கவரும் இடங்கள் நம்மூரில் நிறைய உண்டு; தரையில் பாய் விரித்ததைப் பார்த்து ஒரு தாய் "ஏன் இஞ்ச ரைல்ஸ் போடேல்ல?" என்று கேட்டதையும் நான் கேட்டேன்.

காலை எட்டரைக்குத் தேவாரத்துடனும் ஒரு கிறிஸ்தவப் பாடலுடனும் வட்ட நேரம் தொடங்குகிறது. உண்மையில் அது அரைவட்டம். தலைமை ஆசிரியை யன்னலுக்கு முதுகு காட்டி இருப்பதில்லை. வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி யன்னலைப் பார்த்து இருக்கிறார். முதுகுப்புறம் வெளிச்சம் இருந்தால் முகம் நிழலாகி உதடு தெரியாது என்ற சிறிய விடயம் அனுபவமிக்க ஆசிரியர்கள் பலருக்கும் தோன்றுவதில்லை. இவர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கைநெறியை முடித்தவர். ஆனால் இந்தப் பழக்கத்தை அங்கே கற்கவில்லை என்றும், முன்பு படித்த ஒரு பிள்ளையின் தாயே சொல்லித் தந்தார் என்றும் சொன்னார். சொல்லித் தருவதை வாங்கிக்கொள்ளும் இந்த மனம் சான்றிதழை விடப் பெரிதென்று நான் கருதுகிறேன்.

வட்டத்தில் பேச விரும்பும் பிள்ளை பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றைக் கையில் எடுத்து ஒருமுறை குலுக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குரல். எந்தத் திசையிலிருந்து அது வருகிறது என்பது கண்ணுக்கும் தெரிகிறது. என் பேரன் போன்ற பிள்ளைக்காகத்தான் இந்த ஒழுங்கு கொண்டுவரப்பட்டது. ஆனால் இதனால் மிகுதியாகப் பயனடைந்தவன் எல்லோருடைய பேச்சிலும் புகுந்து கத்தும், எந்தக் குறைபாடும் இல்லாத ஒரு சுட்டிப் பையன் என்பது என் கணிப்பு. கிலுகிலுப்பை கைக்கு வரும்வரை காத்திருக்க அவன் பழகிக்கொண்டான். வாயே திறக்காத கூச்சமுள்ள பிள்ளைக்கும், குலுக்கிவிட்டு மற்றவரிடம் கொடுத்துவிடுவதும் ஒரு பங்கெடுப்பாக ஆனது.

கற்றலுக்கான பொதுமை வடிவமைப்பு என்று கல்வியியலார் குறிப்பிடும் அணுகுமுறையின் சாரமும் இதுதான். பிள்ளை ஈடுபடுவதற்கும், விடயம் பிள்ளையைச் சென்றடைவதற்கும், தான் அறிந்ததைப் பிள்ளை வெளிக்காட்டுவதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை முதலிலேயே திறந்துவைப்பது அதன் மூன்று தூண்கள். ஒரு பிள்ளைக்காகப் பாடத்தைப் பின்னர் ஒட்டுப்போடுவதற்கு அங்கே இடம் குறைவு. இந்த முன்பள்ளியில் யாரும் அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தி நான் கேட்கவில்லை. ஆயினும் பாட்டுத் தெரிவு செய்யும் முறையைப் பாருங்கள். சொல்லிப் பேசாத ஒரு சிறுமி வகுப்பில் இருக்கிறாள். நிலா, காகம், புகைவண்டி, யானை என்று படம் வரைந்த அட்டைகள் ஒரு கயிற்றில் தொங்குகின்றன. அன்று எந்தப் பாட்டு வேண்டுமோ அதற்குரிய அட்டையைக் கழற்றி ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். பேசக்கூடிய பிள்ளைகளும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆகவே அந்தச் சிறுமி புகைவண்டி அட்டையை நீட்டும்போது அவளுக்கென்று ஒதுக்கிய தனிச் சலுகையாக அது யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுடைய முறை, அவளுடைய பாட்டு, அவ்வளவுதான். காலை நிகழ்ச்சி நிரலும் அதே படங்களால் வாசலருகில் வரிசையாகத் தொங்குகிறது. ஒரு செயல் முடிந்ததும் அதற்குரிய படத்தை ஒரு பிள்ளை எடுத்துப் பெட்டிக்குள் போடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத பதற்றத்தில் அழும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலரிடம் தெளிவாகத் தெரிந்தது.

வகுப்புக்குள் இருந்தபோது பழைய பயிற்சிக் காலத்து வழக்கம் ஒன்றை மீண்டும் கையிலெடுத்தேன். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரே லாவர்ஸ் என்பவர் பிள்ளையின் ஈடுபாட்டை ஐந்து படிகளில் அளக்க ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அல்லது நோக்கமின்றித் திரிவது முதலாம் படி. அடிக்கடி அறுந்துபோகும் செயல் இரண்டாம் படி. வேறெதுவும் காதில் விழாதபடி இடையறாது மூழ்கியிருப்பது ஐந்தாம் படி. ஒரு பிள்ளையை இரண்டு நிமிடம் வரை உற்றுப் பார்த்தால் படியைச் சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்தபோது என் பேரன் மணல் மேசையிலும் தாயக்கட்டைகளை அடுக்கும் மூலையிலும் நான்கு, ஐந்து என்று நின்றான். கதை நேரத்தில் இரண்டுக்கு இறங்கினான். கதையின் நடுவே சட்டைப் பொத்தானைத் திருகுவான், அடுத்தவனின் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தால் தானும் சிரிப்பான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவன் அமைதியாக இருந்து கதை கேட்பது போலவே தோன்றும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உட்படுத்தல் கல்வி பல இடங்களில் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். குழப்படி செய்யாத பிள்ளை பங்கெடுக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள்.

இதைத் தலைமை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ள முயலவில்லை. மறுவாரத்திலிருந்து கதையில் வரும் பொருள்களை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கதைக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கவும் பெயர் சொல்லவும் வைத்தார். காகமும் வடையும் கதையென்றால் உண்மையான வடையே வந்தது. அடுத்த நாள் சொல்லப்போகும் கதையின் ஐந்தாறு முக்கியச் சொற்களை முதல் நாள் மாலையே மகளின் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். வீட்டில் அமைதியான அறையில், முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லிக் கேட்ட சொற்களை வகுப்பில் மீண்டும் கேட்கும்போது அவன் பிடித்துக்கொண்டான். கதை நேரத்து ஈடுபாடு மூன்றுக்கும், நல்ல நாள்களில் நான்குக்கும் ஏறியது. கேட்டல் குறைபாட்டைப் பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தி, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள இலக்கு. எங்கள் பிள்ளைக்குக் கருவி பொருத்தியபோது இரண்டு வயது கடந்துவிட்டது. அப்படித் தாமதித்த பிள்ளைக்குச் சொற்களஞ்சியம் தானாகச் சேராது. இவ்வாறு ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

துணை ஆள் பற்றிய இவர்களின் கொள்கை பெற்றார் பலருக்கு வியப்பளிக்கும். கொழும்பில் தொடங்கி இப்போது இங்கும் பரவிவரும் வழக்கப்படி, விசேட தேவையுடைய பிள்ளைக்குப் பெற்றாரே சம்பளம் கொடுத்து ஒரு துணை ஆசிரியையைக் கூட அனுப்ப வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். இங்கே அதை அனுமதிப்பதில்லை. இரண்டு ஆசிரியைகளும் ஓர் உதவியாளரும் இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் பொதுவானவர்கள். எப்போதும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் மற்றப் பிள்ளைகள் அந்தப் பெரியவரோடுதான் பேசுவார்கள், பிள்ளையோடு பேச மாட்டார்கள் என்பது தலைமை ஆசிரியையின் வாதம். அது சரி என்பதை நான் கண்ணால் கண்டேன். ஒருநாள் பின்னாலிருந்து பேரனைக் கூப்பிட்டபோது பக்கத்திலிருந்த சிறுமி என்னைத் திருத்தினாள்: "அம்மம்மா, அவனுக்கு முன்னுக்கு வந்து கதையுங்கோ. பின்னுக்கு நிண்டா விளங்காது." நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் பாடமாக எடுத்திருக்க மாட்டார்கள்.

இருந்தும் இந்தக் கொள்கையை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. வாசலைக் கண்டால் ஓடிவிடும் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தது. கேற் பூட்டியிருந்தாலும் அந்தப் பிள்ளையைக் கவனிப்பதில் உதவியாளரின் பாதி நேரம் போனது. அந்த நாள்களில் மற்றப் பிள்ளைகளின் கையில் பொருள் எட்டுவதும் தாமதித்தது. குறிப்பிட்ட காலத்துக்காவது இன்னொரு கை தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கையின் செலவைப் பெற்றார் தலையில் கட்டாமல் முன்பள்ளி எங்கிருந்து திரட்டும் என்பது வேறு கேள்வி. முன்பள்ளி நமது நாட்டில் கட்டாயக் கல்விக்குள் அடங்குவதில்லை. கட்டாயக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது, 2016 முதல் பதினாறு வயது வரை நீள்கிறது. முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பில் பதிவாகியிருந்தாலும் நடத்துபவர்கள் சனசமூக நிலையங்களும் கோவில்களும் தேவாலயங்களும் தனியாரும்தான். ஆசிரியைகள் பெறும் ஊதியமோ மிகக் குறைவு. மாற்றுவலுவுடையோர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை எல்லா மட்டத்திலும் உட்படுத்தல் கல்வியைக் கோருகிறது. அந்த உறுப்புரைக்கும் இந்த ஒழுங்கையிலுள்ள உதவியாளரின் சம்பளத்துக்கும் இடையில் பாலம் ஒன்றும் இன்னும் போடப்படவில்லை.

எழுத்து விடயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் முன்பள்ளியை எடைபோடும் படிக்கல் கொப்பிதான். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு "அ" எழுதிக் கொப்பி நிரப்ப வேண்டும், அடுத்த வீட்டுப் பிள்ளை "ஔ" வரை வந்துவிட்டது என்ற கணக்கு நம்மை விட்டு இன்னும் போகவில்லை. இந்த முன்பள்ளியில் ஆண்டின் முற்பாதியில் கொப்பி கிடையாது. புளியங்கொட்டையை விரல் நுனியால் பொறுக்கிப் போத்தலுக்குள் போடுகிறார்கள், மணி கோக்கிறார்கள், களிமண் உருட்டுகிறார்கள், தட்டில் பரப்பிய தவிட்டில் விரலால் கோடிழுக்கிறார்கள், தும்புத்தடியைத் தண்ணீரில் தோய்த்து மதிலில் பெரிய வளையங்கள் வரைகிறார்கள். தோளும் மணிக்கட்டும் விரலும் பழகாமல் பென்சிலைத் திணித்தால் பிள்ளை பென்சிலைக் கழுத்தை நெரிப்பது மாதிரிப் பிடிக்கும் என்பதை முதலாம் தர வகுப்பில் பலமுறை கண்டவள் நான். ஆகவே இதில் அவர்கள் பக்கமே நிற்கிறேன். 1999 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் முதலாம், இரண்டாம் தரங்களிலேயே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முன்னிடம் கொடுத்து மேசை வேலையைப் பின்னுக்கு வைத்திருக்கிறது. தரம் ஒன்றுக்கே அப்படியென்றால் அதற்கு முந்திய வயதில் கொப்பிக்கு என்ன அவசரம்?

ஆனால் கேட்டல் குறைபாடுள்ள பிள்ளையின் நிலை இதில் சற்று வேறு. "பல்லி", "பள்ளி" என்ற இரண்டையும் உதட்டைப் பார்த்து வேறுபடுத்த முடியாது. காதிலும் அந்த வேறுபாடு தேய்ந்தே விழுகிறது. எழுத்தைக் கண்ணால் காண்பது அத்தகைய பிள்ளைக்கு எழுதுவதற்கான ஆயத்தம் என்பதை விட, பேச்சைக் கேட்பதற்கான ஊன்றுகோலாகிறது. கதவு, குடம், அலுமாரி என்று பொருள்களில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், பிள்ளைகளின் பைகளில் பெயர் இருக்க வேண்டும், கதைப் பையிலுள்ள பொருளோடு அதன் சொல்லட்டையும் இருக்க வேண்டும். எழுத்துத் திணிப்புக்கு எதிரான ஆர்வத்தில் இவர்கள் அறையிலிருந்தே எழுத்தை அகற்றிவிட்டார்கள். பெயரட்டைகள் மட்டும் மூன்றாம் தவணையில் வந்தன. இது இன்னும் போதாது.

உடல் அசைவில் சிரமமுள்ள ஒரு பையனுக்காக வாசற்படியில் சரிவு அமைத்திருக்கிறார்கள். படி ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரம்; சரிவு 180 சென்ரிமீற்றர் நீளம். அணுகுவசதி விதிகள் கேட்கும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதம் அதில் அச்சொட்டாக இருக்கிறது. பொது இடங்களில் பெயருக்குப் போட்டு வைத்திருக்கும் செங்குத்தான சரிவுகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது ஆறுதல். மணல் மேசையையும் நின்றபடி சாய்ந்து விளையாடும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பையன் மலகூடத்துக்குப் போக மூன்று படி இறங்க வேண்டும். அங்கே கைபிடியும் இல்லை. உதவியாளர் தூக்கிக்கொண்டு போகிறார். வகுப்புக்குள் தானாக நடக்கும் பிள்ளை மலகூடத்துக்குத் தூக்கிச் செல்லப்படுவது அவனுக்கே பிடிக்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நடத்துபவர்களிடம் முதலில் திருத்தும்படி நான் கேட்டுக்கொண்டது இதைத்தான்.

மாரி காலம் இன்னொரு சிக்கல். கூரை தகரம் என்பதால் கார்த்திகை மழை கொட்டும்போது ஆசிரியை கத்தினாலும் நல்ல காதுள்ள பிள்ளைக்கே விளங்காது. அந்த நேரங்களில் படம் வரைதலும் கட்டைகளும் என்று அமைதியான வேலைக்கு மாற்றிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மழை தொடரும் வாரங்களில் கதையும் பாட்டும் அறவே நின்றுவிடுகின்றன. ஓலையையோ தென்னந்தும்பு விரிப்பையோ கூரையின் கீழ் அடித்தால் இரைச்சல் பெருமளவு குறையும். ஈரக்காற்றில் கருவிக்குள் நீர் கோத்துக்கொள்வது பற்றியும் பற்றறி தீர்ந்தால் மாற்றுவது பற்றியும் இரண்டு ஆசிரியைகளுக்கும் தெரியும். காலையில் பிள்ளை வந்தவுடன் "ஆ, ஊ, ம், ச்" என்று சொல்லிக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பாயில் இருத்துகிறார்கள். இந்த ஒரு நிமிட வேலை நடக்காத இடத்தில் பிள்ளை செத்த பற்றறியோடு முழு நாளும் இருந்துவிட்டு வரும்.

விளையாட்டுப் போட்டியில் மட்டும் இந்த அக்கறையெல்லாம் பறந்துவிட்டது. சனசமூக நிலைய மைதானத்தில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டிப் பாட்டைப் போட்டபோது பேரன் இரண்டு கருவிகளையும் கழற்றி என் கையில் தந்துவிட்டான். பேசாத அந்தச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டு தாயின் மடியை விட்டு இறங்கவில்லை. பெற்றாரின் விருப்பம், அதிதிகளின் வருகை என்று காரணங்கள் சொன்னார்கள். ஆண்டு முழுவதும் பிள்ளைகளை நடுவில் வைத்த இடம் அன்றைக்கு அதிதிகளை நடுவில் வைத்தது.

யாருக்கு இந்த இடம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கருவியால் போதிய பயன் பெறாத, சைகை மொழியே முதன்மொழியாக வேண்டிய பிள்ளைக்கு இங்கே சைகை தெரிந்தவர் யாரும் இல்லை. அத்தகைய பிள்ளையைச் சேர்ந்திருக்கட்டும் என்று சாதாரண முன்பள்ளியில் விடுவது பிள்ளையைத் தனிமையில் விடுவதாகும். கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலை போன்ற இடத்தில் தன் மொழி பேசும் பிள்ளைகளோடு இருப்பது அதற்கு உண்மையான சேர்க்கை. பார்வைக்குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சுன்னாகம் வாழ்வகமும், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலையும் நெடுங்காலமாகச் சேர்த்த அனுபவம் சிறியதன்று. இந்த முன்பள்ளியின் ஆசிரியைகள் அவ்விடங்களுக்குச் சென்று ஓரிரு நாள் இருந்து பார்த்தால் இருபுறமும் நன்மை உண்டு. இதுவரை அப்படி ஒரு தொடர்பு ஏற்படவில்லை.

கட்டணம் அயலிலுள்ள தனியார் முன்பள்ளிகளை விடச் சற்றுக் கூட. ஆனால் விசேட தேவைக்கென்று மேலதிகக் கட்டணம் வாங்குவதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் இலைக்கஞ்சியோ அவித்த பயறோ அங்கேயே கொடுக்கிறார்கள். போக்குவரத்து ஒழுங்கு இல்லை. தூரத்திலிருந்து வருபவர்கள் ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

என் பெரிய மனக்குறை முதலாம் தரத்துக்கு மாறும் கட்டத்தைப் பற்றியது. ஓராண்டு முழுவதும் இந்த ஆசிரியைகள் கண்டறிந்தவை ஏராளம்: பேரனுக்கு இடது காதை விட வலது காது பரவாயில்லை, முன் வரிசையின் இடது ஓரத்தில் இருத்தினால் நன்றாகக் கேட்பான், விளங்கியதா என்று கேட்டால் விளங்காவிட்டாலும் தலையாட்டுவான், ஆகவே செய்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றும் அவன் சேரவிருந்த பாடசாலைக்குப் போய்ச் சேரவில்லை. வண்ணத்தாளில் அச்சிட்ட சான்றிதழும் தொப்பியணிந்த படமும்தான் கையில் கிடைத்தன. தரம் ஒன்றின் தொடக்க வாரங்கள் பிள்ளையை இனங்காண்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்றாலும், முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் அமைதியாகத் தலையாட்டும் ஒரு பிள்ளையை அந்த வாரங்களில் யாரும் இனங்காண மாட்டார்கள். நானே ஒரு பக்கத்தில் குறிப்பெழுதித் தலைமை ஆசிரியையிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எழுதத் தெரிந்த அம்மம்மா இல்லாத பிள்ளைகளுக்கும் அந்தக் குறிப்பை முன்பள்ளியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு வெளியேறும் பிள்ளைகளிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சேர்க்க எண்ணுபவர்கள் கார்த்திகை மாதத்துக்குள் போய்க் கேட்பது நல்லது. தை பிறந்த பிறகு இடம் இருப்பதில்லை. கிளினிக் கொப்பியையும், கேட்டல் பரிசோதனை செய்த பிள்ளையென்றால் அந்த வரைபடத்தையும் கொண்டு போங்கள். ஒரு காலை முழுவதும் வகுப்பில் இருந்து பார்க்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கதை நேரம் பத்து மணிக்கு.